ஃபிளாஸ்க்கின் பிறந்த ஊர்

ஒரு வெந்நீர் ஃபிளாஸ்க் எந்த நாட்டில் பிறந்தது என்று கண்டுபிடிக்க இரண்டு அரசாங்கங்கள் ஆளுக்கொருவரை நியமித்து, சம்பளமும் பயணப்படியும் ஓட்டல் அறையும் கொடுத்து வருடக்கணக்கில் பேச வைத்திருந்தன என்று சொன்னால், வரி கட்டுகிறவர்களுக்கு வயிறு எரியும். அதனால் யாரும் அப்படிச் சொல்வதில்லை. 'தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் மூல விதிகள் குறித்த தொழில்நுட்பப் பேச்சுவார்த்தை' என்று சொல்வார்கள். கேட்டவுடன் வயிற்றெரிச்சல் நின்று கொட்டாவி வந்துவிடும். அரசாங்கத்துக்கு அது போதும்.

நம்முடைய ஆள் அந்த இருவரில் ஒருவர். வர்த்தக அமைச்சகத்தில் துணைச்செயலர். ஐம்பதைத் தாண்டியவர், மனைவியை இழந்தவர், காது ஓரம் மட்டும் நரைத்தவர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ஃபிளாஸ்க்காரர். லிஃப்டில் யாராவது, "என்ன சார், ஃபிளாஸ்க் எந்த ஊருன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்பார்கள். அவரும், "விசாரிச்சுட்டு இருக்கோம், அது வாயைத் திறக்க மாட்டேங்குது" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். லிஃப்ட் நிற்கும்.

விஷயம் ரொம்பச் சின்னது. உன் பொருளுக்கு நான் வரி போடமாட்டேன், என் பொருளுக்கு நீ போடாதே என்று இரண்டு நாடுகள் ஒப்பந்தம் செய்கின்றன. நல்லது. ஆனால் எது உன் பொருள், எது என் பொருள்? ஃபிளாஸ்க்கின் உள்ளே இருக்கும் கண்ணாடிக் குடுவையை ஃபிளாஸ்க்காரரின் நாட்டில் ஊதுகிறார்கள். வெளித்தகரத்தை எங்கிருந்தோ வாங்கி, மூடியை வேறெங்கிருந்தோ வாங்கி, எல்லாவற்றையும் பூட்டிச் சேர்ப்பது எதிர்த்தரப்பு நாட்டில். சூட்டைக் காப்பது கண்ணாடிதான், ஆகவே ஃபிளாஸ்க்கின் உயிர் கண்ணாடியில் இருக்கிறது என்பது ஃபிளாஸ்க்காரரின் வாதம். வெறும் கண்ணாடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாரும் பயணம் போவதில்லை என்பது எதிர்த்தரப்பின் வாதம்.

எதிர்த்தரப்பு என்பது ஓர் அம்மாள். இவருக்கு இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். யார் என்ன சொன்னாலும், "அதை அடைப்புக்குறிக்குள்ள போடுங்க" என்று சொல்வதால் இந்தப் பக்கத்துக்காரர்கள் அவருக்கு அடைப்புக்குறி அம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒப்பந்த வாசகத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளாத வரிகளைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். ஆரம்பத்தில் ஒப்பந்தம் முழுக்க அடைப்புக்குறியாகத்தான் இருந்தது. தலைப்பைக்கூட விடவில்லை. பிறகு மாட்டுத்தோல் போயிற்று, மருந்து போயிற்று, மோட்டார் உதிரிப்பாகம் போயிற்று. கடைசியில் நூற்றுக்கணக்கான பக்கங்களில் மிஞ்சியது ஒரே ஓர் அடைப்புக்குறி. அதற்குள் ஃபிளாஸ்க்.

அந்த அடைப்புக்குறி போய்விட்டால் ஒப்பந்தம் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தால் கூட்டம் இல்லை. கூட்டம் இல்லையென்றால், அந்த அம்மாளை இந்த ஜன்மத்தில் பார்ப்பதற்கு ஃபிளாஸ்க்காரருக்கு வேறு எந்த முகாந்திரமும் இல்லை. உலக வர்த்தகத்தில் அவருக்கு இருந்த அக்கறை மொத்தமும் இந்த மூன்று வாக்கியங்களில் அடக்கம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நான்கு மாதத்துக்கு ஒருமுறை கூட்டம். இரண்டு நாட்டுக்கும் பொதுவாக மூன்றாவது நாடு ஒன்றில். இரண்டு நாட்டுக்கும் மொழி ஒன்றுதான். ஆனாலும் மேசையில் மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. சொன்னதையே அவர்கள் திரும்பச் சொல்லும் நேரத்தில், நாம் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று யோசித்துக்கொள்ளலாம். இடைவேளையில் மட்டும் நடைபாதைக் கோடியில், பழுதான டீ இயந்திரத்தின் பக்கத்தில், இடையில் ஆள் இல்லாமல் இருவரும் பேசுவார்கள். அம்மாவுக்கு இப்போது காது சுத்தமாகக் கேட்பதில்லை என்று அவர் சொல்வார். மகள் தனியாகப் பல் மருத்துவமனை திறந்துவிட்டாள் என்று இவர் சொல்வார். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு இவர் மூன்று மாதம் ஓட்டுவார். இவருடைய கைப்பேசியில் இரண்டு ஊர்களின் வானிலை இருந்தது. ஒன்றில் இவர் வசித்தார். மற்றதில் மழை பெய்தால் இவருக்குக் கவலையாக இருக்கும்.

இத்தனை பேசத் தெரிந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவருக்குத் தெரிந்தது பேரம். நமக்கு என்ன வேண்டும் என்பது எதிராளிக்குத் தெரியக் கூடாது என்பது பேரத்தின் முதல் பாடம். அந்தப் பாடத்தை வாழ்நாள் முழுக்கப் படித்து, தனக்கே தெரியாத அளவுக்கு அவர் தேறியிருந்தார்.

கடைசிச் சுற்றுக்குக் கிளம்பும் அன்று காலை, பெட்டியை மகள்தான் மூடினாள். மூடுவதற்குள் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

"மூணு நாள் கூட்டத்துக்கு எதுக்குப்பா இத்தனை சட்டை? அதுவும் காலர்ல மடிப்பு நிக்குது. அம்மா இருந்தப்போகூட நீங்க இஸ்திரிப் பெட்டியைத் தொட்டு நான் பார்த்ததில்ல."

"நாட்டோட பிரதிநிதியாப் போறேன்மா. கசங்கிப்போன சட்டையோட போனா நாடே கசங்கிப்போன மாதிரி."

"சரி, அந்த அம்மா வராங்களா?"

"எந்த அம்மா?"

"எந்த அம்மாவாம்! போன தடவை ரோட்டுல செருப்பில்லாம நின்னாங்கன்னு வந்ததுலேர்ந்து சொல்லிட்டு இருந்தீங்களே."

"ஒரு சம்பவமாச் சொன்னேன்."

"அதே சம்பவத்தைச் சாப்பிடுறப்போ சொன்னீங்க, காய் நறுக்குறப்போ சொன்னீங்க. என் கிளினிக்குக்குப் பல் காட்ட வந்தப்போ வாயில கருவி இருக்கிறப்பவும் சொன்னீங்க. ஊர்ல இருக்கிறவங்க வாயையெல்லாம் திறக்க வைக்கிறேன். உங்க வாயைத் திறக்க வைக்க முடியல." அவள் பெட்டியின் ஜிப்பை இழுத்தாள். "ஒப்பந்தம் இந்தத் தடவை முடிஞ்சிடும்னு டிவியில சொல்றாங்களேப்பா."

"முடியாது. இது அவங்க முறை."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன முறை?"

"டாக்ஸி வந்துடுச்சு பாரு" என்றார் ஃபிளாஸ்க்காரர். டாக்ஸி வரவில்லை. வாசலில் போய்ப் பெட்டியோடு நின்றார்.

அது என்ன முறை என்றால், இதுதான். ஒவ்வொரு சுற்றின் கடைசி நாள் மதியமும், மிச்சமிருக்கும் அடைப்புக்குறிகளை நடுவர் உரக்க வாசிப்பார். நடுவர் வேறொரு நாட்டுக்காரர்; இரண்டு தரப்பின் மீதும் சமமான அக்கறையின்மை உள்ளவர் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டவர். வாசித்துவிட்டு, ஆட்சேபம் உண்டா என்று கேட்பார். உண்டு என்றால், மேசையில் இருக்கும் நாட்டுப் பெயர் அட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். யாரும் தூக்காவிட்டால் மரச்சுத்தியலைத் தட்டிவிடுவார். தட்டினால் தட்டினதுதான். அப்புறம் அழுதாலும் புரண்டாலும் அந்த வரி திரும்பி வராது.

சில வருடங்களுக்கு முன்னால் இப்படித்தான் ஃபிளாஸ்க்கை வாசித்தார்கள். ஃபிளாஸ்க்காரர் விட்டுக்கொடுக்கும் உத்தரவோடு வந்திருந்தார். சுத்தியல் உயர்ந்த நேரத்தில் எதிரே அட்டை உயர்ந்தது. மூடியின் மரை எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது என்று தங்கள் அரசாங்கம் ஆராய வேண்டியிருக்கிறது என்றார் அடைப்புக்குறி அம்மா. ஃபிளாஸ்க்காரருக்குக் கோபம் வந்தது. ஜெயிக்கிற ஆட்டத்தை எதற்கு நிறுத்துகிறாள் இந்த மனுஷி? இடைவேளையில் அதைக் கேட்கத்தான் டீ இயந்திரத்துக்குப் போனார். அந்த அம்மாள் வெறும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த சுற்று எப்ப இருக்கும் சார்?" என்றார். அந்தக் கேள்வியில் ஃபிளாஸ்க் இல்லை என்பது இவருக்கு ஓட்டல் அறைக்குத் திரும்பிச் சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

அடுத்த சுற்றில் எதிர்த்தரப்பு விட்டுக்கொடுக்கத் தயாராக வந்தது. இவர் அட்டையைத் தூக்கினார். தோள்பட்டை வார் பற்றிச் சில ஐயங்கள் உள்ளன என்றார். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவரைப் பார்த்தார். அன்றிலிருந்து ஒரு தடவை இவர், ஒரு தடவை அவர். மூடிக்குப் பிறகு வார், வாருக்குப் பிறகு தக்கை, தக்கைக்குப் பிறகு கைப்பிடி. வாய்விட்டு ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. இரண்டு நாட்டு அமைச்சர்களும், எதிர்த்தரப்பு எவ்வளவு பிடிவாதம் பாருங்கள் என்று தங்கள் நாடாளுமன்றங்களில் பெருமூச்சு விட்டார்கள்.

போன சுற்று இவர் முறை. அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பிடித்துக்கொள்வது என்று தீர்மானித்து வந்திருந்தார். நடுவர் வாசித்தார். இவர் அட்டையைத் தூக்கி, "ரப்பர்" என்றார். தீ அபாய மணி அலறியது. கீழ்த்தளத்தில் யாரோ ரொட்டியைக் கருகவிட்டிருக்கிறார்கள். உலக வர்த்தகத்தைத் தாங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு படியிறங்கி நடைபாதையில் போய் நின்றார்கள்.

நடைபாதை ஈரம். அந்த அம்மாளுக்கு ஒரு பழக்கம், கூட்டத்தில் கவனமாகக் கேட்கும்போது மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிடுவார். அந்தச் செருப்பு மேலேயே நின்றுவிட்டது. அவர் ஒரு காலைத் தூக்கி இன்னொரு காலின் மேல் வைத்துக்கொண்டு நின்றார். ஃபிளாஸ்க்காரரின் கையில் ஒரு கோப்பு இருந்தது. அவருடைய தூதுக்குழுத் தலைவர் அன்று மாலை நிகழ்த்தவிருந்த வரலாற்றுச் சிறப்புமிக்க உரை, தடித்த தாளில் எழுதியது. அதைத் தரையில் விரித்தார்.

"ஏறி நில்லுங்க மேடம்."

"என்ன சார் இது?"

"எங்க தலைவரோட பேச்சு. உள்ள ஒண்ணும் இல்ல. நல்லா மெத்துன்னு இருக்கும்."

அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் சமநிலை தவறி, இவர் தோளைப் பிடித்துக்கொண்டார். தீயணைப்பு வண்டி வந்து, ரொட்டியைப் பார்த்து, திரும்பிப் போகும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. கூட்டம் அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது. தலைவர் தன் உரையைத் தேடினார். பிறகு அது இல்லாமலேயே பேசினார். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆக, போன தடவை தான் அட்டையைத் தூக்கியாயிற்று. இது அவர் முறை. அந்த நிம்மதியோடுதான் ஃபிளாஸ்க்காரர் விமானம் ஏறினார்.

தலைவரைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவருக்கு எல்லாமே வரலாற்றுச் சிறப்புமிக்கது. சந்திப்பு, கைகுலுக்கல், கூட்டத்தில் வைத்த பிஸ்கட், எல்லாம். இந்த முறை அமைச்சரே கையெழுத்துப் போட வந்து பக்கத்து ஓட்டலில் சட்டைக்குப் பொருத்தமான பேனாவைத் தேடிக்கொண்டிருந்தார். காரில் போகும்போது தலைவர் திரும்பி உட்கார்ந்து கேட்டார்:

"அந்த ஃபிளாஸ்க்ல இன்னும் என்ன பாக்கி இருக்கு?"

"ரப்பர் வளையம் சார்."

"வளையத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க. இன்னிக்கு உங்க கை அந்த அட்டை பக்கம் போச்சுன்னா, உங்களைப் பழைய கோப்பு இருக்கிற கிடங்குக்கு மாத்திடுவேன். வரலாறு நம்மளைப் பார்த்துட்டு இருக்கு."

"என் கை போகாது சார்" என்றார் ஃபிளாஸ்க்காரர். உண்மையைச் சொல்வதில் அவருக்கு எந்தச் சிரமமும் இருக்கவில்லை. அடுத்த சுற்றில் கிடங்குக்குப் போகவும் அவர் தயார்தான். அந்தச் சுற்றின் ஆட்சேபத்துக்கென்று, ஃபிளாஸ்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை யோசித்து வைத்திருந்தார்.

மதியம் அறை நிரம்பி வழிந்தது. புகைப்படக்காரர்கள் சுவரோரம் நின்றார்கள். நீள மேசையின் எதிர்ப்பக்கம் அடைப்புக்குறி அம்மா உட்கார்ந்திருந்தார்; சாம்பல் நிற உடை, முனை கடித்த பென்சில். மேசைக்கடியில் பாதம் செருப்பிலிருந்து வெளியே வந்துவிட்டது என்பது அவருடைய தோள் தளர்ந்ததிலேயே இவருக்குத் தெரிந்தது. இன்றைக்கு எதைப் பிடிக்கப்போகிறார்? ரப்பர் வளையத்தையே தொடர்வாரா, புதிதாக ஏதாவது வைத்திருக்கிறாரா? பரிசுப் பொட்டலத்தைப் பிரிக்கும்முன் குலுக்கிப் பார்ப்பது போல இவர் யோசித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

நடுவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு ஃபிளாஸ்க் வரியை வாசித்தார். இரண்டு மொழிபெயர்ப்பாளர்களும் அதே வரியை அதே மொழியில் திரும்பச் சொன்னார்கள்.

"ஆட்சேபம் உண்டா?"

ஃபிளாஸ்க்காரர் எதிரே பார்த்தார். அந்த அம்மாள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அவசரமே இல்லை. பேருந்து வரும் என்று தெரிந்து நிறுத்தத்தில் நிற்கிறவர் முகம். கொஞ்சம் விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்தார் இவர். காட்டட்டும்.

நடுவர் இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். யாரோ இருமினார்கள். அந்த அம்மாளின் புருவம் லேசாக உயர்ந்தது. என்ன, எதற்குக் காத்திருக்கிறீர்கள் என்பது போல. இவரும் புருவத்தை உயர்த்தினார். அவருடைய பென்சில் மேசையில் ஒருமுறை தட்டியது. இவருடைய பேனாவும் தட்டியது. அந்த அறையில் அத்தனை பேர் இருக்க, அவர்கள் இருவர் மட்டும் ஒருவர் வீட்டுக் கதவை மற்றவர் தட்டிவிட்டுத் திறக்கட்டும் என்று நின்றார்கள்.

சுத்தியல் மேலே போனது.

அப்போதுதான் அந்த அம்மாளின் முகம் மாறுவதை இவர் பார்த்தார். அந்த முகத்தில் தன் முகத்தையே பார்த்தார். அட்டையை நோக்கிக் கை பாய்ந்தது. அட்டை பாதி தூரம் எழும்பியபோது சுத்தியல் முழு தூரம் இறங்கிவிட்டது. எதிரேயும் ஓர் அட்டை பாதி உயரத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஒரு விநாடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு தலைவர் எழுந்தார். "பாருங்க! இத்தனை வருஷம் முட்டிக்கிட்டவங்க, சந்தோஷத்துல அட்டையைத் தூக்குறாங்க!" என்று கூவி, இவருடைய அட்டையைப் பிடுங்கித் தலைக்கு மேல் ஆட்டினார். எதிர்த்தரப்பும் ஆட்டியது. மொழிபெயர்ப்பாளர்கள் ஆட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் தண்ணீர்ப் பாட்டிலை ஆட்டினார்கள். புகைப்படக்காரர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள். அந்தப் படம்தான் மறுநாள் இரண்டு நாட்டுப் பத்திரிகைகளிலும் வந்தது. நடுவில் இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள் என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தது.

டீ இயந்திரத்தின் பக்கத்தில் அந்த அம்மாள்தான் முதலில் ஆரம்பித்தார். குரல் கிசுகிசுப்பாக இருந்தாலும் கோபம் முழுசாக இருந்தது.

"ஏன் சார் தூக்கல?"

"நான் ஏன் தூக்கணும்? உங்க முறை மேடம்!"

"என் முறையா? போன தடவையே உங்க முறைதான். நீங்கதான் பாக்கி!"

"போன தடவைதான் தூக்கினேனே! 'ரப்பர்'னு சொன்னேன், மணி அடிச்சுது."

"கூட்டப் பதிவுல இல்லையே சார்."

பதிவில் இல்லாதது நடக்கவே இல்லை. இந்த வாக்கியத்தை இந்த அம்மாள் எத்தனை கூட்டங்களில், எத்தனை பேர் முகத்தில் அடித்திருக்கிறார்! மாட்டுத்தோலில், மருந்தில், மோட்டார் உதிரிப்பாகத்தில். ஒவ்வொரு தடவையும் எதிரே உட்கார்ந்து ரசித்தவர் இவர்தான்.

"வெளிய நின்னோமே மேடம். அதுவும்தான் பதிவுல இல்ல. அது நடக்கலையா?"

அந்த அம்மாள் கையிலிருந்த காலிக் கோப்பையைச் சுற்றினார்.

"அதை நானேதான் வேணாம்னு விட்டேன் சார். பதிவுல போட்டா யாராவது வந்து அதுக்கும் அடைப்புக்குறி போடுவாங்க."

இயந்திரம் உள்ளுக்குள் கரகரவென்று ஏதோ செய்துவிட்டு நின்றது. வழக்கம் போல ஒன்றும் தரவில்லை. பேரம் முடிந்துபோன இடத்தில் இருவரும் நின்றார்கள். கோபப்பட்டதிலேயே எல்லாம் வெளியே வந்துவிட்டது. வெளியே வந்ததை என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. இருவர் கையிலும் இதற்கான உத்தரவு எதுவும் இல்லை.

"எங்க ஊருக்கு நீங்க வந்ததே இல்லையே சார்" என்றார் அவர்.

"கூப்பிட்டதில்லையே."

"எப்படிக் கூப்பிடறது? எதிர்த்தரப்பு." கொஞ்சம் நிறுத்தினார். "சார், நீங்க ஒருவேளை..."

"மேடம்! அமைச்சர் கூப்பிடறாரு, படம் எடுக்கணுமாம்!" என்று அவருடைய ஆள் ஒருவர் ஓடிவந்தார். அந்த அம்மாள் போனார். வளைவில் ஒருமுறை திரும்பினார். அதற்குள் தலைவர் வந்து இவர் தோளில் கை போட்டுவிட்டார். கை போட்ட தோள் அதே தோள். ஃபிளாஸ்க்காரர் அந்தக் கையை எடுத்துவிட்டார். தலைவருக்கு அது கொஞ்சமும் வரலாற்றுச் சிறப்புமிக்கதாகத் தோன்றவில்லை.

கையெழுத்து விழாவில் எல்லாருக்கும் நினைவுப் பரிசாக ஒரு ஃபிளாஸ்க் கொடுத்தார்கள். இங்கே ஊதிய கண்ணாடி, அங்கே பூட்டிய தகரம். இரண்டு நாட்டுக் கொடியும் போட்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் மகள் அதில் டீ ஊற்றி வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் டீ பச்சைத் தண்ணீராய் ஆறியிருந்தது.

"இதுக்காப்பா இத்தனை வருஷம்?"

"வளையம் சரியில்ல" என்றார் அவர். "நான் அப்பவே சொன்னேன்."

அவர் சிரிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர் பதவி உயர்ந்து, அறை பெரிதாகி, வேலை இல்லாமல் போய், மாலையில் சீக்கிரம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். இஸ்திரிப் பெட்டி மூலையில் கிடந்தது. கைப்பேசியில் இரண்டாவது ஊரின் மழையைப் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் அவராகவே, யாரும் கருவி எதுவும் வைக்காமல், முறை விஷயத்தை முழுக்கச் சொல்லிவிட்டார். மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்பா. இத்தனை வருஷம் பேச்சுவார்த்தை நடத்தினீங்க. ஒரு நாளாவது பேசினீங்களா?"

"அதுக்கு நேரம் இல்லம்மா. கூட்டம் இருந்துச்சு."

"இப்ப கூட்டம் இல்ல. கிளம்புங்க."

"போய் எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா?"

"டீ குடிக்க வந்தேன்னு சொல்லுங்க. நம்ம ஃபிளாஸ்க்கை மட்டும் எடுத்துட்டுப் போயிடாதீங்க."

கிளம்பலாம் என்றால் அவ்வளவு சுலபமா? புதிய ஒப்பந்தத்தின்படி அந்த நாட்டுக்குள் ஃபிளாஸ்க் போகலாம், தோல் போகலாம், மோட்டார் உதிரிப்பாகம் போகலாம். ஒருவரும் தடுக்க முடியாது. ஆள் போவதற்கு விசா வேண்டும். அந்த விதியை யாரும் அடைப்புக்குறிக்குள்கூடப் போட்டதில்லை. அதனால், ஒப்பந்தத்தில் பாதியை எழுதிய மனிதர் ஒரு காலைப்பொழுதில் அந்த நாட்டு விசா அலுவலகத்தில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். எதிர்ச் சுவரில் பெரிதாகச் சட்டம் போட்டு ஒரு படம் மாட்டியிருந்தது. ஓர் அறை முழுக்க மனிதர்கள் அட்டைகளை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இரண்டு பேர் சிரிக்கவில்லை.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் இவர் முகத்தையும் பார்க்கவில்லை, படத்தையும் பார்க்கவில்லை.

"எதுக்காகப் போறீங்க சார்?"

"டீ குடிக்க."

"டீத்தூள் வியாபாரமா? அதுக்கு வேற கவுன்டர்."

"வியாபாரம் எல்லாம் முடிஞ்சுதும்மா. அங்க ஒருத்தங்க இருக்காங்க. பார்க்கணும்."

"சொந்தக்காரங்களா?"

"இல்ல."

"கூட வேலை பார்த்தவங்களா?"

"எதிர வேலை பார்த்தவங்க."

அந்தப் பெண் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். நல்ல பெண்தான், கொட்டாவியை மறைத்துக்கொண்டாள். "அவங்க உங்களை வரச்சொல்லியிருக்காங்களா சார்?"

ஃபிளாஸ்க்காரருக்குத் தெரியாத சட்டம் இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் பதில் தெரியவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. வாங்கன்னு அவங்க எழுதிக் குடுத்தா உடனே குடுத்துடலாம். கேட்காம எப்படி சார்?"

கேட்காமல்தான் இத்தனை வருடம் ஓடியது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லி என்ன பயன்? இவர் நாற்காலிக்குத் திரும்பினார். படத்துக்கு நேர் கீழே இடம் காலியாக இருந்தது. கைப்பேசியை எடுத்தார். அந்த ஊரில் மழை. அந்த அம்மாளின் எண்ணை அழுத்திவிட்டு, எதற்கு என்றே தெரியாமல் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"ஹலோ?"

பின்னணியில் யாரோ வயதானவர் உரக்க, யாரு, யாரு என்று கேட்டார். காது கேட்காத அம்மா.

"நான்தான் மேடம்."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தப்பட்டது; யாரு, யாரு தூரமாயிற்று.

"மேடம், எனக்கு ஓர் ஆட்சேபம் இருக்கு" என்றார் ஃபிளாஸ்க்காரர். அவருடைய கை தானாகவே எழும்பி, எதையோ பிடித்திருப்பது போல முகத்தருகே நின்றது. பக்கத்து நாற்காலிக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். "லேட்டுதான். சுத்தியல் விழுந்தாச்சு. ஆனாலும் இருக்கு."

"ஃபிளாஸ்க்லயா சார்?"

"இல்ல மேடம். அது முடிஞ்சதுல. நீங்க அங்க, நான் இங்கன்னு முடிஞ்சதுல."

மழைச் சத்தம் கேட்டது. இந்த ஊரில் வெயில். ஆகவே அது அந்த ஊர் மழைதான். இத்தனை நாளாக எண்ணாகவும் படமாகவும் பார்த்துக்கொண்டிருந்த மழை, முதல் தடவையாகக் காதில் பெய்தது.

"இருங்க சார்" என்றார் அடைப்புக்குறி அம்மா. "இதைப் பதிவு பண்ணிக்கணும். பென்சில் எடுத்துக்கறேன்."

ஓர் இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. அதில் இல்லை போலிருக்கிறது, இன்னொன்று திறந்தது. கவுன்டரில் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். ஃபிளாஸ்க்காரர் கையை இறக்காமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்த வீட்டின் இழுப்பறைகளைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.